தேசாவின் பேரில் வந்தவன்

லுபோக் கிராமத்துத் தலைவர் லாசிம், ஐம்பது வயதுக்குள் ஐந்து ஆட்சிகளைப் பார்த்துவிட்டார். அவர் பிறந்தபோது, மலாயாவின் வடக்கு ஓரத்துக் கெடா சயாமுக்குக் கட்டுப்பட்டிருந்தது. மீசை அரும்புகிற வயதில், எங்கோ ஒரு மேசையில் யாரோ கையெழுத்துப் போட, சயாம்காரன் போய் வெள்ளைக்காரன் வந்தான். நாற்பத்தொன்று டிசம்பரில் ஜித்ரா பக்கம் பீரங்கிச் சத்தத்தில் வீட்டுப் பலகைகள் ஆடின. வெள்ளைக்காரன் பூட்ஸைக்கூட வயலில் விட்டுவிட்டுத் தெற்கே ஓடினான், பின்னாலேயே ஜப்பான்காரன் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தான். இரண்டு வருடம் கழித்து அவன் கெடாவைத் தூக்கித் தன் கூட்டாளியான சயாமிடமே கொடுத்தான், கல்யாண வீட்டில் மிஞ்சிய பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுபோல. நாற்பத்தைந்தில் மறுபடியும் வெள்ளைக்காரன். இத்தனை மாற்றத்துக்கும் கெடாவில் ஒருவனையாவது கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை.

கொடி மாறும்போதெல்லாம் லாசிம் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாலத்தருகே போய் நின்றார். வருகிறவன் யாராக இருந்தாலும் நெல் கேட்பான், ஆள் கேட்பான், பெயர்ப் பட்டியல் கேட்பான். அதையெல்லாம் அவர் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரயில் பாதை போட அழைத்துப் போன தன் மகன் தேசாவைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்.

லாசிம் சம்சம் ஆள். கெடாவின் வடக்கு ஓரத்தில் சம்சம் குடும்பங்கள் நிறைய உண்டு. பள்ளிவாசலில் தொழுவார்கள், வீட்டுக்குள் சயாம் பாஷை பேசுவார்கள். மலாய்க்காரர்கள் அவர்களைப் பாதிச் சயாம் என்பார்கள், சயாம்காரர்கள் முழு மலாய் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒட்டாத இந்தப் பிறப்புதான் லாசிமுக்குத் தலைவர் பதவியை வாங்கிக் கொடுத்தது. எந்த அலுவலகத்தில் யார் உட்கார்ந்தாலும் அவருக்குப் பேச வாய் இருந்தது. ஜப்பான்காரன் வந்த மூன்றாம் மாதமே குனிந்து வணங்கவும், நாலு வார்த்தை ஜப்பான் பேசவும் பழகிக்கொண்டார்.

நாற்பத்து மூன்று மே மாதம் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், லுபோக்கிலிருந்து ஏழு ஆள் வேண்டும், மூன்றே மாத வேலை, சாப்பாடு உண்டு. உத்தரவைக் கொண்டுவந்த ஜப்பான் சார்ஜென்ட் சிரித்த முகமாகவே இருந்தான். வயலில் அப்போது வேலை இல்லை. ஆகஸ்டில் நடவுக்குள் ஆட்கள் திரும்பிவிடலாம் என்று லாசிம் கணக்குப் போட்டார்.

அவர் செய்த தவறு இங்கேதான் நடந்தது, அதை வேறு ஊர்க்காரன் செய்திருக்க மாட்டான். லுபோக்கில் நடவும் அறுப்பும் தெராவ் முறையில் நடக்கும். இன்றைக்கு என் வயலில் நீ இறங்கினால் நாளைக்கு உன் வயலில் நான் இறங்குவேன். எல்லா வீட்டிலிருந்தும் ஒரு ஆள், வரிசை தவறாமல். தெராவுக்கு ஊரைக் கூப்பிடுகிறவன் வீட்டு ஆள்தான் முதலில் சேற்றில் கால் வைக்க வேண்டும், கடைசியில் கரையேற வேண்டும், அப்போதுதான் கூப்பிட்டதற்கு மரியாதை. லாசிம் அந்த ரயில் பாதையையும் ஒரு பெரிய வயல் என்று நினைத்துக்கொண்டார். முதல் ஏழு பேர் போவார்கள், மூன்று மாதத்தில் வருவார்கள், அடுத்த ஏழு பேர் போவார்கள். அதனால் பட்டியலின் முதல் வரியில் தேசா பின் லாசிம் என்று எழுதினார். தேசாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மனைவி எம்புன் அன்றைக்குச் சோறு வைக்கவில்லை.

"ஏழு பேரு கேட்டா, மொதப் பேரா நம்ம பிள்ளை பேரத்தான் எழுதணுமா, பாக் தேசா? ஊர்ல வேற வீடே இல்லையா?" என்றாள். தேசா பிறந்த நாளிலிருந்து அவள் புருஷனைத் தேசாவின் அப்பா என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"தெராவ் கூப்பிடுறவன் வீட்டு ஆளுதான் மொதல்ல எறங்கணும். ஒனக்குத் தெரியாததா?"

"நீங்களா கூப்பிட்டீங்க? ஜப்பான்காரன் கூப்பிட்டான். அவன் வீட்டு ஆள எறக்கச் சொல்லுங்க."

"மூணு மாசந்தான். நடவுக்கு வந்துருவான்."

"எழுதிக் குடுத்தானா?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதினவர்களை எல்லாம் விட அவளுக்குத்தான் விஷயம் விளங்கியது என்று பிற்காலத்தில் லாசிமே சொல்லுவார்.

தேசா சிரித்துக்கொண்டுதான் போனான். அடுத்த வீட்டுப் பூத்தேயின் மகன் செனாப்பியும் அவனோடு போனான். செனாப்பியின் மனைவி தீஜாவுக்கு அப்போது மூன்று மாதம். லாரியில் ஏறும்போது செனாப்பி அழ, தேசா அவன் தலையில் தட்டி, "டேய், பொண்டாட்டி வாந்தி எடுக்குறதுக்கு நீ ஏண்டா மூஞ்சியத் தொங்கப்போடுற" என்றான். லாரியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஊரே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது.

ஆகஸ்ட் வந்தது. ஆட்கள் வரவில்லை. வந்தது அதே சார்ஜென்ட், இன்னும் ஏழு பேர் வேண்டும் என்று. லுபோக்கில் ஒருவரும் அசையவில்லை. முதலில் போனவன் திரும்பாமல் அடுத்தவன் போகிற வழக்கம் அங்கே இல்லை. லாசிம் இதைத் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஜப்பானில் விளக்கப் பார்த்தார். சார்ஜென்ட் கன்னத்தில் அறைந்து, அலுவலகத்து முற்றத்தில் மூன்று நாள் வெயிலில் நிற்க வைத்தான். அதற்குள் இளவட்டங்கள் எல்லாம் காட்டு ஓரம் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மாலை உதடு வெடித்து வீட்டுப் படி ஏறியவர் எம்புனைப் பார்த்து, "இவன்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல" என்றார். அதுவரைக்கும் பிரயோஜனம் உண்டு என்றுதான் அவர் நம்பியிருந்தார் போலும்.

அக்டோபரில் கெடா சயாமுக்குப் போனது. மற்றவர்கள் எல்லாம் இன்னொரு கொடியா என்று அலுத்துக்கொண்டபோது லாசிமுக்கு மட்டும் உடம்பில் புது ரத்தம் ஏறியது. ரயில் பாதை இருப்பது சயாமில். இப்போது கெடாவும் சயாம். அப்படியானால் மகன் இருப்பது வேறு நாட்டிலேயே இல்லை, ஒரே வீட்டின் அடுத்த அறையில். சின்னப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு வரும்.

செனாப்பியின் அப்பா பூத்தே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஊரார் தலைவரைக் கூப்பிடுகிற தோக் என்ற பட்டத்தைச் சொல்லியே, குத்தலாகப் பேசினான். "தோக், ஓங்க பாஷைக்காரன் வந்துட்டான். இனி ரயிலு ஓங்க வாசல்லதான் நிக்கும்."

"நின்னா ஒன் மகனும் அதுல எறங்குவான். வாய மூடிட்டு இரு" என்றார் லாசிம். அதைச் சொல்லும்போது அவர் மனதார நம்பித்தான் சொன்னார்.

ஜித்ராவுக்கு வந்து உட்கார்ந்த சயாம் அதிகாரி பிராசோம், சிங்கோராவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். முப்பது வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் தூக்கம் கெட்ட கண்கள். லாசிம் சயாம் பாஷையில் பேச ஆரம்பித்ததும் எழுந்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடமாக அலுவலகங்களில் நின்றே பழகிய லாசிமுக்கு அந்த நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஏழு பெயர் எழுதிய மனுவை நீட்டினார்.

பிராசோம் படித்துவிட்டு, "பெரியவரே, ரயிலு ஓடுறது எங்க மண்ணுல. ஓட்டுறது அவங்க. அந்தப் பாலத்துமேல நானே நடக்கணும்னாலும் அவங்க சீட்டு வேணும்" என்றார்.

"நீங்க அவங்க கூட்டாளிதான? ஒண்ணாச் சேந்துதான சண்ட போடுறீங்க?"

"கூட்டாளிதான். அவங்க சாப்பிடுவாங்க, நாங்க தட்டுக் கழுவுவோம். கெடாவ எங்களுக்குக் குடுத்தாங்கல்ல, அதுகூட அப்பிடித்தான். பட்டாளம் அவங்களது, ரயிலு அவங்களது. எனக்கு மேசை மட்டுந்தான்."

"அந்த மேசையில எம் மகனுக்காக ஒரு கடுதாசி எழுதுங்க."

பிராசோம் எழுதினார். ஒன்றல்ல, நான்கு எழுதினார். லாசிம் வாரம் ஒருமுறை ஒன்பது மைல் நடந்து வந்து, நல்ல சேதி உண்டா என்று கேட்டுவிட்டுத் திரும்ப ஒன்பது மைல் நடந்தார். டிசம்பரில் பதில் வந்தது.

"ஏழு பேர் கேட்டேன். எனக்கு மேல இருக்கவரு அவருக்கு மேல இருக்கவருகிட்டக் கேட்டாரு. ஒருத்தன விடுறோம்னு வந்திருக்கு. அதுவும், மலாயும் சயாமும் தெரிஞ்ச ஆளு ஆபீஸுக்கு வேணும்னு நான் சொன்ன பொய்யாலதான். எந்தப் பேர எழுதட்டும்?"

"தேசா பின் லாசிம்" என்றார் லாசிம். அவர் யோசிக்கவே இல்லை. பெற்றவன் யோசிப்பானா?

யோசனை திரும்பி வரும் வழியில்தான் வந்தது. தேசாவோடு போன ஆறு பேரின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பூத்தே கூப்பிட்டுக் கேட்டபோது, விதைநெல் விஷயமாகச் சிங்கோராவுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னார். தீஜா பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், பிறந்து மாதம் ஒன்று. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

எம்புன் ஒளித்து வைத்திருந்த கடைசிப் பிடி ஒட்டரிசியை வேகவைத்து, நெத்திலிக் கருவாடு பொரித்து, வாழையிலையில் கட்டினாள். தேசாவின் சட்டை ஒன்றையும் மடித்து வைத்தாள். "ஒடம்பு எளச்சிருப்பான், சட்ட தொளதொளன்னு இருக்கும். பரவால்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

பாடாங் பெசாரில் ரயில் ஏறி, ஹாட்யாயில் இரண்டு நாள் காத்துக் கிடந்து, மாடு ஏற்றுகிற பெட்டியில் நின்றுகொண்டே லாசிம் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சயாம் போலீஸ்காரன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரை முகாமுக்கு அவரை அழைத்துப் போனான். மூங்கில் வாசல். அதற்கு உள்ளே சயாம் போலீஸ்காரனும் கால் வைக்கக் கூடாதாம். அவனுடைய நாட்டில், அவனுடைய ஆற்றங்கரையில், அவனும் லாசிமோடு வெளியே நின்றான். லாசிமுக்குப் பிராசோமின் மேசை நினைவுக்கு வந்தது.

உள்ளிருந்து தேசா வந்தான். இடுப்பில் சாக்குத் துணி. விலா எலும்பை எண்ணலாம். ஆனால் நடை நிமிர்ந்திருந்தது. அவன் முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டு வந்தான். இறக்கிவிட்ட பிறகுதான் அது செனாப்பி என்று லாசிமுக்கு அடையாளம் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கச் சதையே இல்லை, இலை வைத்துக் கட்டியிருந்தது. நாற்றம் வாசல்வரை வந்தது.

"மத்தவங்க எங்கடா?" என்றார் லாசிம். மலாயில்தான் பேசினார், போலீஸ்காரனுக்குப் புரியாமல் இருக்கட்டும் என்று.

"ரெண்டு பேரு வந்த மாசமே வாந்திபேதியில போயிட்டாங்க, பாக். மூணு பேர மேல காட்டுக்குள்ள கொண்டு போனாங்க. தகவல் இல்ல. நானும் இவனும் மட்டுந்தான் இங்க."

லாசிம் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு பெயர்தான், உன் பெயர்தான், வா போகலாம் என்றார். தேசா கேட்டுக்கொண்டான். பிறகு மிகவும் சாதாரணமாக, "இவனக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

"பைத்தியமாடா ஒனக்கு?"

"இவனுக்கும் சயாம் தெரியும். இவங்களுக்கு எங்க மூஞ்சி தெரியாது, பேருதான் தெரியும். அவன் தேசான்னு சொல்லிட்டுப் போகட்டும், நான் செனாப்பின்னு சொல்லிட்டு இருந்துக்குறேன்."

"ஒங்க மாக் சட்ட குடுத்தனுப்பிருக்கா. நான் போய் அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

"நான் இன்னும் ஒரு வருசம் தாங்குவேன், பாக். இவன் ஒரு வாரம் தாங்க மாட்டான். நான் மட்டும் வீட்டுக்கு வந்துட்டா, அந்தச் சந்துல எப்பிடி நடப்பேன்? தீஜா வாசல்ல நிப்பா. எந்தப் பக்கமாப் போவேன் நான்?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மொதல்ல எறங்குனவன் மொதல்ல கரையேறலாமா? நீங்க சொல்லிக் குடுத்ததுதான" என்றான்.

"அது வயலுக்குடா."

"எனக்கு வேற எதுவும் தெரியாதே, பாக்."

ஜப்பான் காவலன் ஒருவன் பலகையில் செருகிய காகிதத்தோடு வந்தான். சயாம் போலீஸ்காரனைப் பார்த்து ஏதோ கத்தினான். போலீஸ்காரன் லாசிமிடம் திரும்பி, "ரெண்டு பேருல ஓங்க மகன் யாரு?" என்று கேட்டான்.

தேசா செனாப்பியை முன்னால் தள்ளினான். செனாப்பி நிற்க முடியாமல் லாசிமின் தோளைப் பிடித்துக்கொண்டான். காய்ச்சலில் அவன் கை கொதித்தது. லாசிம் மகனைப் பார்த்தார். மகன் தலையை அசைத்தான். இல்லை, இவன்தான் என் மகன் என்று விரலை நீட்டிக் காட்ட அவருக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. அந்த நேரத்தை அவர் சாகும்வரை அளந்து பார்த்தார்.

"இவன்தான்" என்று செனாப்பியைக் காட்டினார்.

தேசா வாழையிலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். சட்டையை வாங்கவில்லை, செனாப்பிக்குப் போட்டுவிடச் சொன்னான். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தானா என்று எம்புன் பின்னால் பல தடவை கேட்டாள். லாசிமால் சொல்ல முடியவில்லை. செனாப்பி சரிந்து விழாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது எம்புன் வாசலுக்கு ஓடிவந்தாள். மகனின் சட்டை தெரிந்தது. சட்டைக்குள் இருந்தவனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "எம் பிள்ளை எங்க?" என்றாள்.

"அவன்தான் இவன அனுப்பினான்."

"அவன் சொன்னா விட்டுட்டு வந்துர்றதா? நீங்க எதுக்குப் போனீங்க?"

தீஜா ஓடிவந்து எம்புனின் காலைப் பிடித்தபோது காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூத்தே முற்றத்தில் நின்றபடி அழுதான். அவன் வாயில் அன்றைக்குக் குத்தல் எதுவும் வரவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு போனான்.

பிராசோம் ஏட்டில் தேசா பின் லாசிம், திரும்பி வந்தான் என்று எழுதினார். காலை இழுத்து நடக்கிறவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர்தான் ஓங்க மகனா?" என்றார். "ஆமா" என்றார் லாசிம். பிராசோம் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேருக்கு ஒரு வேலையும் கொடுத்தார். அலுவலகத்தில் எல்லாரும் செனாப்பியைத் தேசா என்றே கூப்பிட்டார்கள். வாரம் ஆறு நாள் தேசா, விடுமுறையான வெள்ளிக்கிழமை மட்டும் ஊரில் செனாப்பி. அவனுக்கே சில சமயம் எந்தப் பெயருக்குத் திரும்புவது என்று தெரியாமல் போகும். எம்புன் வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டான், தண்ணீர் தூக்கி வைத்தான். அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. அவன் நடக்கிற சத்தம் கேட்டால் அவளுக்கு அடுப்பு எரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு ஊதியது. சாக்கைக் கிழித்துக் கட்டினார்கள். லாசிம் கடிதம் கேட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கேட்கிறவரும் களைத்துவிட்டார், இல்லை என்கிறவரும் களைத்துவிட்டார்.

நாற்பத்தைந்து ஆகஸ்டில் ஜப்பான்காரன் சரணடைந்தான். பிராசோம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார் லாசிம்.

"வெள்ளைக்காரனோட நாங்க சண்ட போட்டதே செல்லாதுன்னு பாங்காக்குல அறிவிச்சுட்டாங்க, பெரியவரே. அது நடக்கவே இல்லைன்னு வச்சுக்கணுமாம்."

"நடக்கவே இல்லன்னா, போனவன் வீட்டுக்கு வந்துருவானா?"

பிராசோம் கையிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு லாசிமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் கையில் மேசைக்கு மேல் எதையும் கொடுக்க மாட்டார்கள் போலும்.

செப்டம்பரில் லாசிம் மறுபடி பாலத்தருகே போய், வெள்ளைக்காரனின் வண்டிகளுக்குக் கொடி ஆட்டினார். ரயில் பாதைக்குப் போனவர்கள் திரும்புவார்கள் என்று சொன்னார்கள். நவம்பரில் லுபோக்குக்கு ஒரே ஒருவன் வந்தான். மேல் காட்டுக்குக் கொண்டுபோன மூன்று பேரில் ஒருவன், ரேஜாப். பின்னால் அவனைத் தேசா இருந்த முகாமுக்கே இறக்கியிருந்தார்கள். அவன் லாசிம் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்.

"ஜனவரியில, தோக். பாலத்துல வேல செஞ்சுக்கிட்டு இருந்தோம். பிளேன் வந்து குண்டு போட்டுச்சு. அவனப் பொறுக்கித்தான் எடுத்தோம். நாந்தான் ஓதுனேன், தெரிஞ்ச வரைக்கும்."

"யாரு பிளேனு?"

ரேஜாப் தயங்கினான். "வெள்ளைக்காரன் பக்கத்துப் பிளேனுதான், தோக்."

லாசிம் தலையாட்டினார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. யார்மேல் படுவது என்று அதற்கும் தெரியவில்லை. மகனுக்காக ஊரைக் கூட்டி ஓத வைத்தார். எம்புன் சமையலறையை விட்டு வரவில்லை. "பொணத்தப் பாக்காம என்ன ஓதுறது? அவன் வந்துட்டான்னு சர்க்கார் ஏட்டுலயே இருக்கு" என்றாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தாறு பிப்ரவரியில் அரிசிச் சீட்டுக்குப் பெயர் பதிய, வீட்டில் உள்ள எல்லாத் தலைகளையும் ஜித்ரா அலுவலகத்தில் காட்டச் சொன்னார்கள். ரயில் பாதைக்கு ஆள் அனுப்பிய தலைவர்களை விசாரிக்க ஒரு வெள்ளைக்காரத் துரையும் வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர், முகாமிலிருந்து கைப்பற்றிய பட்டியலையும் பிராசோமின் பழைய ஏட்டையும் மேசையில் விரித்து வைத்திருந்தார். மலாய் நன்றாகப் பேசினார்.

"லுபோக். ஏழு பேரு. தேசா பின் லாசிம், நாப்பத்து மூணு டிசம்பர்ல விடுவிச்சிருக்கு. உசுரோட ஊர் திரும்பினான். செனாப்பி பின் பூத்தே, நாப்பத்தஞ்சு ஜனவரி, இறப்பு" என்று படித்தார். பிறகு துரை சொன்னதைக் கேட்டு, "தொரை கேக்குறாரு, ஏழு பேருல தலைவர் மகன் மட்டும் ஏழே மாசத்துல வீட்டுக்கு வந்தது எப்பிடி?" என்றார்.

செனாப்பி காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "ஐயா, அதுல செத்துப்போனதா இருக்கே, அது நான்தான்" என்றான். வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள்.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "செத்தவனுக்கு அரிசிச் சீட்டு எழுத முடியாது. ஒங்கப்பன் நெலத்தையும் பின்னால ஒம்பேருக்கு மாத்த முடியாது. நீ செனாப்பின்னா, அப்ப தேசா எங்க? அத எழுதாம இத மாத்த முடியாது. தேசாவோட தகப்பன் வாயால சொல்லட்டும்."

லாசிம் வாயைத் திறந்தார். மூன்று பாஷையில் ஐந்து ஆட்சிகளிடம் பேசிய வாய். சொன்னால் துரையின் சந்தேகம் தீரும், பூத்தே மகனுக்குச் சோறு கிடைக்கும். சொன்னால், தேசா உயிரோடு இருக்கிற ஒரே இடமும் இந்த உலகத்தில் இல்லாமல் போகும். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஜித்ரா முற்றத்தில் மூன்று நாள் வெயிலில் நின்றபோதுகூட அவருக்கு இவ்வளவு அசதி இருந்ததில்லை.

பின்னாலிருந்து எம்புன் வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையருகே நின்றாள்.

"எம் மகன் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு? படிங்க."

"தேசா பின் லாசிம். உசுரோட ஊர் திரும்பினான்."

"இன்னொரு தரம் படிங்க, ஐயா."

கிராணி அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை மெதுவாகப் படித்தார். எம்புன் கடைசி எழுத்துவரை கேட்டாள். பிறகு இரண்டு வருடமாக முகம் பார்த்துப் பேசாத செனாப்பியின் மணிக்கட்டைப் பிடித்து, மேசைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"இவன் செனாப்பி. பூத்தே மகன். ஒரு பிள்ள இருக்கு இவனுக்கு. இவனுக்கு அரிசி எழுதுங்க" என்றாள். "எம் மகன் பாலத்துல செத்துட்டான். அதையும் எழுதுங்க."

கிராணி பேனாவை மையில் தோய்த்து, தேசாவின் பெயருக்கு நேரே இருந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார்.